பாம்பின் பசியும் பள்ளியின் பாடமும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படை நடுங்குகிறதோ இல்லையோ, பாமரர் நடுங்குகின்றனர், படித்தவரும் நடுங்குகின்றனர். நடுங்குவதோடு நின்றாரில்லை, வணங்கவும் செய்கின்றனர். புற்றைக் கண்டால் பால் ஊற்றுவர். புற்றிலிருந்து பாம்பு வெளிப்பட்டால் தடி எடுப்பர். காலையிலே கல்நாகத்திற்கு மஞ்சள் பூசிய அதே கை, மாலையிலே கொல்லைப்புறத்தில் நெளியும் உயிர்நாகத்தின் தலையை நசுக்கும். கல்லாய் நின்றால் கடவுள். உயிரோடு வந்தால் உயிர்ப்பகை! வணக்கமும் வதையும் வெவ்வேறு போலத் தோன்றினும், அறியாமை என்னும் ஒரே தாய் ஈன்ற இரட்டைப் பிள்ளைகள் அவை.

அந்த அறியாமையை அகற்ற வேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஊர்வன பற்றிய பாடத்தை ஏட்டில் படித்து, தேர்வில் எழுதி, மறுநாளே மறந்துவிடும் மாணவனுக்குப் பாம்பை நேரில் காட்டினால் என்ன? காட்டுவதோடு நில்லாமல், அது இரை கொள்ளும் விதத்தையும் காட்டினால் என்ன? உயிருள்ள எலி ஒன்றை மாணவர் கண்முன்னே பாம்பின் பெட்டிக்குள் விட்டு, அது பாய்வதையும் பற்றுவதையும் சுற்றி இறுக்குவதையும் விழுங்குவதையும் பார்க்கச் செய்தால், பத்து நாள் படித்தும் வராத தெளிவு பத்தே நிமிடத்தில் வந்துவிடாதா? இவ்வாறு கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. மேலை நாடுகளில் வகுப்பறையிலேயே சிறு பாம்பு வளர்ப்பது புதுமையன்று. ஆதலின் அங்கே இவ்வினா ஏட்டு வினா அன்று, அன்றாட வினா. நம் நாட்டிலோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பாம்பை உரிய இசைவின்றிப் பிடித்து வைப்பதே குற்றம். ஆயினும், வகுப்பறைக்கு வராத பாம்பு கைப்பேசித் திரை வழியே வந்துவிட்டது. உயிர் எலியைப் பாம்புக்கு இடும் காட்சி, கல்வி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டே சிறுவர் கைகளில் உலவுகிறது. எனவே, இவ்வினாவை நாமும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் அந்த ஆசிரியரின் வழக்கை அவருக்காக நாமே எடுத்துரைப்போம். எதிர்தரப்பின் வலிமையை மறைத்துவிட்டுப் பேசுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

அவர் சொல்வது இது: “பாம்பு பால் குடிக்கும் என்று இந்நாடு நம்புகிறது. மகுடியின் இசைக்கு மயங்கி ஆடும் என்று நம்புகிறது. நாகரத்தினத்தைக் கக்கி அதன் ஒளியில் இரை தேடும் என்று நம்புகிறது. அடித்தவனை நினைவில் வைத்துப் பழி வாங்கும் என்று நம்புகிறது. சாரைப் பாம்பு ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் இணை என்றுகூட நம்புகிறது. இவற்றையெல்லாம் பேசிப் பேசியா தீர்ப்பது? கண்ணால் கண்டால் அன்றோ தெளிவர்! பாலைத் தொடாத பாம்பு எலியைப் பற்றுவதை ஒரு முறை கண்ட மாணவன், பிறகு புற்றுக்குப் பால் ஊற்றுவானா? பாம்பு தெய்வமும் அன்று, பேயும் அன்று; பசித்தால் உண்ணும் ஓர் உயிர் என்பதை அவன் உணர்ந்துவிடுவான். இயற்கையில் நாள்தோறும் நடப்பதைத்தானே நாம் காட்டுகிறோம்? எலிக்காக இரங்கிக் கண்ணை மூடிக்கொள்வது கோழைத்தனம் அன்றோ?”

வலிமையான வாதம்தான். அவர் குறிக்கோளில் நமக்கு எள்ளளவும் மாறுபாடு இல்லை. பாம்பு பாலை உணவாகக் கொள்வதில்லை. பாலுக்கு வாய் வைக்கும் பாம்பு, பலநாள் நீரின்றித் தவிக்க விடப்பட்ட பாம்பே. அதற்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. மகுடியின் அசைவைத் தொடர்ந்து அது அசைகிறதேயன்றி, இசையைச் சுவைத்து ஆடுவதில்லை. சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு; நல்லபாம்பிலும் அவ்வாறே. இவற்றை ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் அறிய வேண்டும். அதில் ஐயமே இல்லை.

ஐயமெல்லாம் வழியைப் பற்றியது. நல்ல குறிக்கோளுக்காக எதையும் செய்யலாம் என்பது நம் கொள்கையாயின், பிறர் செய்யும்போது நாம் கண்டித்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் வாயிலில் ஆட்டையும் கோழியையும் பலியிட்டவர்கள் என்ன சொன்னார்கள்? ஊர் நலத்திற்காக என்றார்கள். நோய் நீங்க என்றார்கள். அவர்கள் பார்வையில் அதுவும் நல்ல குறிக்கோளே. அப்போது பகுத்தறிவாளர் கேட்ட கேள்வி ஒன்றே: “இந்த உயிர் இங்கே, இப்படி, இத்தனை பேர் பார்க்கச் சாவதனால், நீங்கள் சொல்லும் அந்த நன்மை உண்மையில் விளைகிறதா?” 1950ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் விலங்கு, பறவைப் பலியைத் தடை செய்யும் சட்டம் வந்தது; 2004ஆம் ஆண்டில் அது நீக்கவும் பட்டது. சட்டம் வரும், போகும். கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பூசாரியிடம் கேட்ட அதே கேள்வியைப் பேராசிரியரிடமும் கேட்பதன்றோ நடுநிலை? அறிவின் பெயரால் இடப்படும் பலிக்கு மட்டும் கேள்வி விலக்கு உண்டோ?

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஊன் உண்பது பாவம் என்று உபதேசிக்க நாம் வரவில்லை. மீன் பிடித்து வாழ்வோரையும், கறி சமைத்து உண்போரையும் இழிந்தோர் என்று ஒதுக்கி வைத்த உயர்சாதி ஆணவத்தை எதிர்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆணவத்திற்கு அருள் என்னும் போர்வை போர்த்தி மீண்டும் அழைத்துவர மாட்டோம். பாம்பின்மேலும் நமக்குக் குறையில்லை. எலியைத் தின்பது பாம்பின் குற்றமன்று, அதன் உடலமைப்பு. அடைத்து வைத்த பாம்புக்கு உணவிட வேண்டியது அடைத்து வைத்தவரின் கடமை. ஆகவே, “பாம்பு உண்ணலாமா?” என்பது நம் கேள்வியே அன்று. “பாம்பின் பசியை மாணவர்க்குக் காட்சியாக்க, ஓர் எலி உயிரோடு அச்சத்தில் துடிக்க வேண்டுமா?” என்பதே கேள்வி. உணவுக்காகக் கொல்வது வேறு. காட்சிக்காகக் கொல்விப்பது வேறு.

“இயற்கையில் நடப்பதைத்தானே காட்டுகிறோம்” என்ற சொல்லை முதலில் ஆராய்வோம். வயல்வெளியில் பாம்பு எலியைத் தேடுகிறது. எலிக்கு வளை உண்டு, வரப்பு உண்டு, வைக்கோல் உண்டு. மூக்கு உண்டு, மீசை உண்டு, நான்கு கால் உண்டு. பாம்பு பல முறை ஏமாறுகிறது; சில முறை வெல்கிறது. கண்ணாடிப் பெட்டியிலோ எலிக்கு வளையும் இல்லை, வரப்பும் இல்லை. நான்கு பக்கமும் சுவர், மேலே மூடி, மூடியின்மேல் ஆசிரியரின் கை. அங்கே நடப்பது வேட்டை அன்று. தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்ட தண்டனை. அதைக் காட்டி, “இதுதான் இயற்கை” என்று சொல்வது இயற்கையின்மேல் சுமத்தும் பழி. தப்பிப்பதற்கு எலி பெற்றிருக்கும் திறனையும், பொறுத்திருந்து பதுங்குவதற்குப் பாம்பு பெற்றிருக்கும் திறனையும் ஒருசேர மறைத்துவிட்டு, விழுங்குவதை மட்டும் காட்டும் பாடம் பாதிப் பாடமே.

அதுமட்டுமன்று. வளர்ப்பில் உள்ள பாம்புகளுட் பெரும்பாலானவை, முன்பே கொன்று உறைய வைத்துப் பின் வெதுவெதுப்பாக்கிய எலியை ஏற்று உண்கின்றன. நீண்ட இடுக்கியால் பிடித்துச் சற்றே அசைத்துக் காட்டினால், உயிர் எலியைப் பற்றுவது போலவே பற்றுகின்றன, சுற்றுகின்றன, விழுங்குகின்றன. பாம்பு வளர்ப்பதில் தேர்ந்தவர்கள் இம்முறையையே பரிந்துரைக்கின்றனர். எலியின்மேல் கொண்ட இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. பாம்பின் நலமும் காரணம். பசியில்லாத பாம்பின் பெட்டியில் உயிர் எலியை விட்டால், வேட்டையாட வேண்டியது இரையாகிவிடும். மூலையில் அகப்பட்ட எலி பாம்பின் கண்ணையும் தோலையும் கடித்துப் புண்ணாக்கிவிடும்.

ஆசிரியரை இப்போது கேட்கிறோம். பாம்பு ஊன் உண்ணும் உயிர், பால் குடிக்கும் தெய்வம் அன்று என்பதை மெய்ப்பிப்பது தானே உங்கள் நோக்கம்? இறந்த எலியைப் பாம்பு விழுங்கினால் அது மெய்ப்பிக்கப்படவில்லையா? புற்றுப் பாலின் பொய்யை உடைக்க எலியின் உடல் போதுமே. எலியின் அலறலும் வேண்டுமோ?

“கண்ணால் கண்டால்தான் தெளிவு பிறக்கும்” என்பது அடுத்த வாதம். கண் நல்ல ஆசிரியர்தான். ஆனால் தனியே விட்டால் தவறாகவும் கற்பிக்கும் ஆசிரியர். அதற்குப் பாம்பே சான்று. பெரும்பாம்புகள் இரையைச் சுற்றி இறுக்குவதை மனிதர் பன்னூறு ஆண்டுகளாகக் கண்ணால் கண்டு வந்தனர். கண்டவர் பெரும்பாலோர் என்ன முடிவுக்கு வந்தனர்? மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்றனர். பாடநூல்களும் அதையே எழுதின. அமெரிக்காவில் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, போவா என்னும் பெரும்பாம்பின் பிடியில் எலியின் உடலுக்குள் நடப்பதைக் கருவிகளால் அளந்தது. இறுக்கிய சில நொடிகளிலேயே தமனிக் குருதியின் அழுத்தம் சரிந்து, குருதியோட்டம் தடைப்பட்டு, இதயத்தின் ஒழுங்கு குலைந்து போவதை அது காட்டியது. மூச்சு முட்டும் முன்பே குருதியோட்டம் நின்றுவிடுகிறது! காலங்காலமாகக் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. உண்மையோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

இந்த ஆய்வில் மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. அந்த ஆய்வாளர்கள் எலிகளுக்கு முன்பே மயக்க மருந்து கொடுத்திருந்தனர். உலகம் அறியாத உண்மையைக் கண்டறியப் புறப்பட்டவர்களே, அவ்வுயிர் நோவை உணராதிருக்க வழி செய்துவிட்டுத்தான் தொடங்கினர். உலகம் அறிந்த உண்மையை எடுத்துச் சொல்லப் புறப்பட்ட வகுப்பறைக்கு மட்டும் அந்தக் கடமை இல்லாமற் போகுமா?

பாம்பு உண்ணும் விந்தையில் சிறந்த பகுதி எது? தன் தலையினும் பெரிய இரையை அது விழுங்குவது. தாடையைக் கழற்றிக்கொள்கிறது என்பர் பலர்; அது பிழை. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னே எலும்பால் ஒட்டாமல், இழுபடும் தசைநாரால் இணைந்துள்ளன. மண்டையோட்டிற்கும் தாடைக்கும் இடையே அசையும் எலும்பு ஒன்று கீல் போல் உதவுகிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி முன்னேறி, இரையின்மேல் தலை நடந்து செல்வது போல் செல்கிறது. வாய் நிறைய இரை இருக்கும்போதும் மூச்சுக்குழலின் வாயை முன்னே நீட்டி மூச்சு விடுகிறது. இவற்றையெல்லாம் மாணவன் அறிய வேண்டுமாயின், அவன் கையில் தர வேண்டியது பாம்பின் மண்டையோடு, அல்லது அதன் மாதிரி; காட்ட வேண்டியது மெதுவாக ஓட்டிக் காட்டத்தக்க படம். பரபரப்பான பத்து நிமிடக் காட்சியில் மாணவன் பார்ப்பது எலியின் கால்களை. பாம்பின் எலும்பை அன்று.

பெரிய விந்தையோ, பார்வையாளர் கலைந்த பிறகுதான் தொடங்குகிறது. பர்மிய மலைப்பாம்பு பெருவிருந்து உண்டபின், 48 மணி நேரத்திற்குள் அதன் இதயத்தின் கீழறைத் தசை 40 விழுக்காடு அளவிற்குப் பெருக்கிறது என்று 2005ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். செரித்து முடிந்ததும் மீண்டும் சுருங்கிவிடுகிறது. வேண்டும்போது வளர்ந்து, வேண்டாதபோது சுருங்கும் இதயம்! இதைக் கேட்ட மாணவனின் கண் விரியாதா? எந்தக் கண்ணாடிப் பெட்டி இதைக் காட்டும்? சொல்லத் தெரிந்த ஆசிரியர் சொல்லும் சொல்லன்றோ காட்டும்!

சரி, காட்சி பாம்பைப் பற்றிச் சிறிதே கற்பிக்கிறது. வேறெதையேனும் கற்பிக்கிறதா? கற்பிக்கிறது, அதுதான் நம் கவலை. நாற்பது சிறுவர் சூழ்ந்து நிற்கின்றனர். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். திருப்பிக்கொண்டவரைப் பார்த்துச் சிலர் சிரிக்கின்றனர். சிலர் கைப்பேசியை உயர்த்துகின்றனர். எலி மூலைக்கு ஓடும்போது ஒரு கூச்சல். பாம்பு பாயும்போது ஒரு கைதட்டல். இரங்கியவன் கோழை என்றும், சிரித்தவன் வீரன் என்றும் அங்கே ஒரு பாடம் நடந்துவிடுகிறது. அந்தப் பாடத்தை ஆசிரியர் கரும்பலகையில் எழுதவில்லை; ஆயினும் மாணவர் அதை மறக்கமாட்டார். வலியவன் விழுங்குவான், எளியவன் மாள்வான், சுற்றி நிற்பவன் வேடிக்கை பார்ப்பான் என்னும் பாடத்தைச் சாதிக் கொடுமை மலிந்த நாட்டில் தனியே கற்றுக்கொடுக்கவும் வேண்டுமோ? தெருவில் ஒருவன் அடிபடும்போது சுற்றி நின்று படம் பிடிக்கும் கூட்டத்திற்கு வகுப்பறையிலேயே பயிற்சி தருவதோ?

எலிதானே என்பர். எலி உழவனின் பகை. வளையை வெட்டிக் கொல்கிறோம், பொறி வைத்துக் கொல்கிறோம். அதற்கேன் இவ்வளவு பரிவு என்பர். பயிரைக் காக்கக் கொல்வதில் ஒரு தேவை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எலி உணர்வற்ற பொருள் அன்று. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓர் எலியைச் சிறு குழாயில் அடைத்து வைத்தனர். வெளியே மற்றோர் எலியை விட்டனர். வெளியே இருந்த எலி, எவரும் பழக்காமலே, குழாயின் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு, அடைபட்டதை விடுவித்தது. பக்கத்தில் இன்னொரு குழாயில் இனிப்பு இருந்தபோதும், தோழனை விடுவித்ததோடு இனிப்பையும் பெரும்பாலும் பகிர்ந்துகொண்டது. அடைபட்ட உயிரைக் கண்டு கதவைத் திறக்கிறது எலி. அடைபட்ட எலியைக் கண்டு கைதட்டுகிறது வகுப்பு! யார் யாருக்குப் பாடம் நடத்துவது?

காட்சியின் பழக்கம் காண்பவனோடு நிற்பதும் இல்லை, காட்டுகிறவனையும் விழுங்கும். உலகின் முதல் ஊர்வன இல்லம் லண்டன் உயிர்க்காட்சி சாலையில் 1849ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், 1852இல், அங்கே பணிபுரிந்த எட்வர்டு கர்லிங் என்னும் காவலர், குடிபோதையில் நாகப்பாம்பைக் கையிலெடுத்து விளையாட்டுக் காட்டப் போய், மூக்கில் கடிபட்டு மாண்டார். இன்றும் பாம்பைக் கழுத்தில் சுற்றிப் படம் எடுத்துப் புகழ் தேடப் போகும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் வருகின்றன. பாம்பு ஒரு வேடிக்கைப் பொருள் என்று பழக்கிவிட்டால், அச்சம் போய் அறிவு வருவதில்லை. அச்சம் போய் அசட்டுத் துணிவு வருகிறது.

சட்டமும் இதைப்பற்றி ஒன்று சொல்லியிருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கேளிக்கை ஒன்றையே நோக்கமாகக் கொண்டு ஒரு விலங்கை அடைத்து வைத்து மற்றொரு விலங்குக்கு இரையாக்குவதைக் குற்றமெனக் கூறுகிறது. “கேளிக்கை ஒன்றையே” என்பதைப் பிடித்துக்கொண்டு, “எம் நோக்கம் கல்வி, ஆதலின் சட்டம் எம்மைத் தொடாது” என்று ஆசிரியர் வாதாடலாம். வழக்குமன்றத்தில் அவர் வெல்லவும் கூடும். மனச்சான்றின் மன்றத்தில் அவர் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும்: தாம் நடத்தியது கல்வியே, கேளிக்கை அன்று என்பதை. மாணவர் எதைக் கற்றனர் என்று கேட்டால், இறந்த எலியாலோ எலும்பாலோ படத்தாலோ கற்றிருக்க முடியாத ஒன்றை அவர் எடுத்துக்காட்ட வேண்டும். காட்ட முடியாத வரையில், எஞ்சுவது கேளிக்கையே.

தவளையை அறுக்காமல் விலங்கியல் ஏது என்று ஒரு காலத்தில் அடித்துப் பேசினார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011ஆம் ஆண்டில், கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துக் கற்பிப்பதைப் படிப்படியாகக் கைவிட வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விலங்கியல் அழிந்துவிடவில்லை. அறுப்பதற்கே அந்த முடிவென்றால், பார்ப்பதற்காகக் கொல்விப்பதற்கு என்ன முடிவு கூறுவது?

இனி, பாம்பைப் பற்றி நம் மாணவன் உண்மையில் அறிய வேண்டியது யாது? 2000ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். மாண்டவருள் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் 15 வயதிற்குட்பட்ட பிள்ளைகள்! மிகப்பெரும்பாலோர் சிற்றூர் மக்கள், வயலில் உழைப்பவர், வெறுங்காலோடு நடப்பவர், தரையில் படுப்பவர். நகரத்து மாளிகையில் பாம்பு நுழைவதில்லை, குடிசையில் நுழைகிறது. ஆதலின் பாம்பு பற்றிய கல்வி, ஏழையின் உயிர் பற்றிய கல்வி. 

அந்தக் கல்வி என்ன சொல்ல வேண்டும்? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். இரவில் விளக்கின்றி நடவாதே, காலணி அணிந்து செல், தரையில் படுக்க நேர்ந்தால் கொசுவலையை நன்கு செருகிக்கொள் என்று சொல்ல வேண்டும். கட்டுவிரியன் உறங்குபவரைக் கடிப்பதுண்டு, கடித்த இடத்தில் வலியே தெரியாமலும் போகும் என்று சொல்ல வேண்டும். கடிபட்டால் கத்தியால் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கயிற்றால் இறுகக் கட்டாதே, மந்திரிப்பவனிடம் ஓடாதே; கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல், அங்கே நச்சு முறிவு மருந்து உண்டு என்று சொல்ல வேண்டும். எலியைப் பாம்பின் வாயில் இடும் காட்சியில் இவற்றுள் எது இருக்கிறது? ஒன்றும் இல்லை.

பாம்பை நேரில் காட்டியே தீர வேண்டுமெனில், காட்டத் தக்க இடமும் உண்டு, கற்பிக்கத் தக்க ஆசானும் உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. ஒரு காலத்தில் தோல் வணிகத்திற்காகப் பாம்பைப் பிடித்துக் கொடுத்த மக்கள், அவ்வணிகம் தடுக்கப்பட்டபின், அதே திறனை உயிர் காக்கும் தொழிலாக்கினர். மேற்சொன்ன நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, சில வாரம் மட்பானைகளில் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே நச்சு முறிவு மருந்துக்கு வழி பிறக்கிறது. நஞ்செடுப்பதைப் பொதுமக்களும் அங்கே கண்டு வந்திருக்கின்றனர். அதிலும் பாம்புக்குத் தொல்லை உண்டு என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் அத்தொல்லைக்கு ஒரு காரணம் உண்டு, அளவும் உண்டு, முடிவில் விடுதலையும் உண்டு. எந்த உயிரும் அங்கே வேடிக்கைக்காக மாள்வதில்லை.

அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர், 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அவர்கள் அறிவு தேவைப்பட்டது. 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கடல் கடந்த நாடு அழைத்துக் கற்றுக்கொண்டது. நம் பள்ளிகள் அழைத்தனவா? பாம்பின் தடத்தை மண்ணில் படிப்பவரை, உரித்த சட்டையைக் கொண்டு இனத்தைச் சொல்பவரை, ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, எலியையும் கண்ணாடிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு பாம்பியல் நடத்துவது என்ன கல்வி? ஓர் இருளர் பெரியவரை வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலி போட்டு அமரச் செய்து, “ஐயா, எங்கட்குக் கற்றுத் தாருங்கள்” என்று ஆசிரியரே கேட்கட்டும். அன்று மாணவன் இரண்டு பாடம் கற்பான். ஒன்று பாம்பைப் பற்றி; மற்றொன்று மனிதரைப் பற்றி.

நம் வழக்கிலும் ஒரு விலக்கு உண்டு; அதையும் சொல்லிவிடுகிறோம். இறந்த இரையைத் தொடவே தொடாத பாம்புகள் சில உண்டு. காயம்பட்டு மீட்கப்பட்ட பாம்பை மீண்டும் காட்டில் விடுமுன், அதற்கு வேட்டைத் திறன் உள்ளதா என்று பார்க்க வேண்டிய நிலையும் வரலாம். அங்கே உயிர் இரையைத் தவிர வேறு வழி இல்லையெனில், பாம்பைக் காப்பவர் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆயின் அது காப்பவரின் கடமை; கதவைச் சாத்திக்கொண்டு, கவனத்தோடு, கூட்டமின்றிச் செய்ய வேண்டிய கடமை. தேவை இருக்கும் இடத்தில் பார்வையாளர்க்கு வேலை இல்லை. பார்வையாளர்க்காகவே செய்யும் இடத்தில் தேவை இல்லை.

பகுத்தறிவு வளர வளர இரக்கம் குறையும் என்று நம் பகைவர் பழி தூற்றுவதுண்டு. கடவுளுக்கு அஞ்சாதவன் எதற்கும் அஞ்சமாட்டான், எதையும் செய்வான் என்பது அவர்கள் சொல். அந்தப் பழியை மறுக்கச் சொற்பொழிவு போதாது, நடத்தை வேண்டும். திருக்குறளில் அருளுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு, மெய்யுணர்தலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டும் ஒரே இயலில் அமைந்துள்ளன. மெய்யை உணர்வதற்காக அருளைத் துறக்க வேண்டும் என்பது தமிழன் வகுத்த நெறி அன்று. பயத்தால் வரும் இரக்கம் பயம் போனவுடன் போய்விடும்; அறிந்து வரும் இரக்கமே நிற்கும். எலிக்கு நோவு உண்டு என்று அறிந்தவன், தேவையின்றி அந்த நோவை உண்டாக்க மாட்டான். எந்தத் தெய்வமும் அவனைத் தடுக்க வேண்டியதில்லை. அவன் அறிவே தடுக்கும்.

ஆகவே, ஆசிரியத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது மிகச் சிறிது. பாம்பைப் பற்றிப் பேசுங்கள். இன்னும் மிகுதியாகப் பேசுங்கள். புற்றுப் பாலின் பொய்யை உடையுங்கள்; மகுடியின் மாயத்தை உடையுங்கள். மண்டையோட்டைக் கொண்டுவாருங்கள், சட்டையைக் கொண்டுவாருங்கள், படத்தைக் கொண்டுவாருங்கள், பாம்பறிந்த பெரியவரைக் கொண்டுவாருங்கள். எலியைக் கையிலெடுக்கும் எண்ணம் எழுமாயின், மூடியைத் திறக்குமுன் ஒரு நொடி நின்று, “இது இன்றி இப்பாடம் நடவாதா?” என்று உங்களையே கேளுங்கள். நடக்கும் என்று உங்கள் அறிவு சொல்லும். சொன்னதும் அந்த எலியைக் கீழே வைத்துவிட்டு, பாடத்தைத் தொடங்குங்கள்.